நான் இல்லாட்டி நீதான்

என் ரஹீமா ராத்தாவுக்கு, கொஞ்சம் கோபத்தோடும் அதைவிட நிறைய அன்போடும் எழுதுவது,

நோன்பு தொடங்க முன்னம் போனீர்கள். ஹஜ்ஜுப் பெருநாளும் வந்து போயிற்று. கிண்ணியா பஸ் நம் முதியோர் இல்லத்து வாசலில் நிற்கும்போதெல்லாம் என் தலை இன்னும் தானாகத் திரும்புகிறது. குடையை மடக்கிக்கொண்டு, "ஆரு இன்னும் தேத்தண்ணி குடிக்கல்ல?" என்று கேட்டபடி நீங்கள் இறங்கவேண்டுமே.

இங்கே எல்லோரும் சுகம். நீங்கள் நட்ட செவ்வரத்தையைத் தெருவில் திரியும் மான்கள் புகுந்து மொட்டையடித்துவிட்டன. துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டிய தியாகர் ஐயா, உப்புக் குறைந்த சோற்றைத் திட்டித் திட்டியே முழுவதும் சாப்பிட்டு முடிக்கிறார்.

இனி என் கோபத்துக்கு வருகிறேன்.

நான் வேலைக்கு வந்த புதிதில், ஏலாது என்று பையைக் கட்டியது நினைவிருக்கிறதா? நீங்கள் கொடியில் விரிப்புகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தீர்கள். பையைப் பார்த்தும் பார்க்காதமாதிரி மறு நுனியை என் கையில் தந்தீர்கள். "மெற்றி, நான் இல்லாட்டி இந்த வீட்ட நீதான் புள்ள பாக்கணும். ஒருத்தருக்கும் சொல்லிராதே" என்றீர்கள். நான் பையை அவிழ்த்தேன். சத்தியமாக, ஒருத்தருக்கும் சொல்லவில்லை.

நீங்கள் மௌத்தாகி அடக்கமும் முடிந்த பிறகு, உங்களுக்குள்ளேயே ஒருவரைப் பொறுப்புக்குத் தெரிவுசெய்து சொல்லுங்கள் என்றது நிர்வாகம். எனக்கு எதற்குத் தேர்வு? உங்கள் சொல் இருக்கிறதே! பேசாமல் வேலைகளைக் கையில் எடுத்தேன். ஆனால் தாதி வேலையில் என்னோடு நிற்கும் ரவியும் பேசாமல் எடுத்திருந்தான். குசினியில் சமைக்கும் செல்வியும் தன்பாட்டில் உத்தரவு போடத் தொடங்கியிருந்தாள். தியாகர் ஐயாவை ரவி குளிப்பாட்டியது தெரியாமல், அதே காலையில் நான் மறுபடி குளிப்பாட்டினேன். "நான் என்ன கப்பலா பிள்ளையள், ஆளுக்கு ஆள் கழுவ?" என்றார். எல்லோரும் சிரித்தோம். அதோடு நிறுத்தி யோசித்திருக்கவேண்டும்.

அந்தக் கிழமையே, ஐயாவுக்கு இன்சுலின் ஊசி போடக் கையைத் துடைத்துக்கொண்டு போனேன். ஊசிக்குள் மருந்தை ஏற்றியும் விட்டேன். அவர் சட்டையை இறக்கிக்கொண்டு, "இப்பதானே ரவி போட்டவன்" என்றார். ஊசியைப் போடாமலே தட்டில் திரும்ப வைத்தேன். அவர் நித்திரையாக இருந்திருந்தால்? வாய் பேசமுடியாத பக்கத்துக் கட்டில் அம்மாவாக இருந்திருந்தால்?

குசினியில் ரவியைப் பிடித்து உலுப்பினேன். "ஊசி போட்டதைச் சொல்லுறேல்லையோ?"

"உங்களிட்ட ஏன் சொல்லோணும்? ராத்தா பொறுப்பை என்னட்டைத்தான் தந்தவ" என்றான் ரவி. "நான் இல்லாட்டி நீதான் எண்டு சொன்னவ. ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாம் எண்டதால வாயைப் பொத்திக்கொண்டிருந்தனான்."

செல்வியின் கையிலிருந்த அகப்பை பானைக்குள் விழுந்தது. "எனக்குமெல்லோ அப்பிடிச் சொன்னவ!"

கதவடியில் சக்கரக் கதிரையில் வந்து நின்ற தியாகர் ஐயா, தொண்டையைச் செருமினார். "பிள்ளையள், கோவியாதேங்கோ. எனக்கும் சொன்னவ."

செல்விதான் முதலில் சிரித்தாள். சிரித்துச் சிரித்து அழுதாள். பிறகு எல்லோரும் அழுதோம். எனக்கு மட்டும் கோபமும் வந்தது ராத்தா. இத்தனை வருஷம் நெஞ்சுக்குள் பொத்திவைத்திருந்த ஒன்று, ஊருக்கெல்லாம் பங்கிட்ட பொருள் என்று தெரிந்தால் கோபம் வராதா? எங்களை ஏமாற்றினீர்களா?

ரவிதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு வழிக்கு வந்தான். "ஊசி போட்டா, போட்டாச்சு எண்டு ஒரு ஆளிட்டச் சொல்லோணும். ஆர் எண்டாலும் ஒரு ஆள் வேணும். பொறுப்பில நீங்கள் நில்லுங்கோ அக்கா. ஆனா எங்களோட கதைச்சுத்தான் எதையும் செய்யோணும்." செல்வியும் ஓம் என்றாள். அப்படித்தான் உங்கள் கதிரையில் நான் இருக்கிறேன். ரவி விட்டுத்தந்த கதிரை என்பதை மறக்கவில்லை. ஊசி போட்டால் அவன் மதில்வரை கேட்கக் கத்துகிறான். ஐயா அதற்கும் திட்டுகிறார்.

போன வாரம் வெருகலிலிருந்து கமலேஸ்வரி என்றொருத்தி வேலைக்கு வந்தாள். என் வயதுதான். ஒரு அம்மா கஞ்சிக் கோப்பையை அவள்மேல் எறிந்துவிட்டார். கொடியடியில் நின்று, "எனக்கு ஏலாது, நான் போறன்" என்று அழுதாள். ஈர விரிப்பின் மறு நுனியை அவள் கையில் கொடுத்தேன். யோசிக்கவே இல்லை ராத்தா, என் வாய் தானாகச் சொன்னது: "கமலா, நான் இல்லாட்டி இந்த வீட்டை நீங்கள்தான் பார்க்கோணும்."

அதைச் சொன்னபோது ரவி என் நினைவில் இல்லை. செல்வியும் இல்லை. அவள் ஒருத்திதான் இருந்தாள். அது பொய்யே இல்லை. நீங்களும் அப்படித்தான் சொன்னீர்களா? ஒவ்வொரு தரமும்?

கமலா போகாமல் நின்றுவிட்டாள். என் கோபமும் போய்விட்டது.

ஆனால் ஒன்று சொல்கிறேன், மனம் நோகாதீர்கள். "ஒருத்தருக்கும் சொல்லாதே" என்பதை மட்டும் நான் அவளிடம் சொல்லவில்லை. இனி யாரிடமும் சொல்லமாட்டேன். இது உங்கள்மேல் சத்தியம்.

இப்படிக்கு,
உங்கள் ஒரே தங்கச்சி என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்த,
உங்கள் தங்கச்சிமாரில் ஒருத்தி,
மெற்றில்டா