ஐம்பத்திரண்டு பவுண்டு

மார்ச் 4, செவ்வாய்

நடந்தது அத்தனையும் நான் முன்னாலேயே சொன்னதுதான். நாளைக்கு யாரும் மாற்றிப் பேசக் கூடாது என்று இந்த நோட்டின் முதல் வரியாகவே எழுதி வைக்கிறேன். பழைய பெட்ரோல் பம்ப் தாங்காது என்றேன். டேங்கிலிருந்து வரும் குழாய் ஜூஸ் குடிக்கிற ஸ்ட்ரா மாதிரி இருக்கிறது, டர்போ போட்ட இன்ஜினுக்கு அது காணாது என்றேன். பிஸ்டன் போகும் என்றேன். போயிற்று.

எட்டாம் வகுப்போடு நின்றவன்தான் நான். ஆனால் கார் கம்பெனி இன்ஜினியர்கள் என் ஷெட் வாசலில் வரிசையில் நின்று சந்தேகம் கேட்ட காலம் உண்டு.

வண்டி முப்பத்தைந்து வருஷத்துக்கு முந்தியது. இரண்டே சீட். எனக்கும் மாப்பிள்ளைக்கும் பொது. மாப்பிள்ளை என்றால் என் தங்கச்சி வீட்டுக்காரர். ஆறு வருஷம், ஞாயிறு தவறாமல், இரண்டு பேரும் சேர்ந்து கட்டினோம். ஜனவரி பன்னிரண்டாம் தேதி கிடங்குகளுக்குப் பின்னால் இருக்கிற நேர்ச்சாலையில் ஓட்டிப் பார்க்கப் போனோம். அவர் ஸ்டியரிங்கில். நான் பக்கத்து சீட்டில்.

பெட்ரோல் பிரஷர் காட்டுகிற மீட்டரை வண்டிக்குள் வைக்கக் கூடாது, அதற்குள் பெட்ரோல் இருக்கும். அதனால் முன்கண்ணாடிக்கு வெளியே, என் பக்கம், டேப் போட்டு ஒட்டியிருந்தோம். ஓட்டுகிறவர் கண்ணில் அது படாது. பிரஷர் கணக்கு பவுண்டில். டர்போ எத்தனை பவுண்டு காற்றைத் தள்ளுகிறதோ அத்தனை பவுண்டு பெட்ரோல் பிரஷரும் ஏற வேண்டும். ஏறினால் நல்லது. இறங்கினால், அடியில் தண்ணீர் வற்றிய பாத்திரம் அடுப்பில் இருக்கிற மாதிரி, உள்ளே எல்லாம் உருகும். முள்ளைப் பார்த்து எண்ணைச் சத்தமாகச் சொல்வது என் வேலை. மூன்றாவது கியரில் அவர் அழுத்தினார். முள் இறங்கியது. "காலை எடுங்க மாப்பிள்ளை!" என்று கத்தினேன். அவர் காதில் விழவில்லை. பிஸ்டனில் பெருவிரல் நுழைகிற அளவு ஓட்டை.

அன்றிலிருந்து அவர் வரவில்லை. இன்ஜினை நானே பிரித்து, புது பிஸ்டன் போட்டு, நானே மூட்டினேன். இனி பெட்ரோல் பக்கம் மொத்தமும் புதுசு: பம்ப், குழாய், பெட்ரோலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டர், பிரஷரைப் பிடித்து நிறுத்துகிற ரெகுலேட்டர்.

மார்ச் 9, ஞாயிறு

டேங்கை இறக்கினேன். இரண்டு ஆள் வேலை. ஜாக்கி மேல் பலகை வைத்து, பலகை மேல் பழைய தலையணை வைத்து, தலையணை மேல் டேங்கை உட்கார வைத்து ஒரு ஆளாக இறக்கினேன். உலகத்தில் யாரும் இப்படிச் செய்ததில்லை.

"எப்படி?" என்று திரும்பிக் கேட்டேன். கேட்ட பிறகுதான் யாரும் இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

மார்ச் 11, செவ்வாய்

தங்கச்சி போன் செய்தாள்.

"அண்ணா, அவரைக் காது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன்."

"எதுக்கு?"

"எதுக்கா? நீ பக்கத்துல உக்காந்து மூணு தடவை கத்தியும் கேக்கலைன்னா சும்மா விடச் சொல்றியா?"

மூன்று தடவை என்று எப்போது சொன்னேன்? சொல்லியிருப்பேன். அவளிடம் சொல்லும்போது எனக்கு வேகம் வந்துவிடும். தொண்டை கட்டி இரண்டு நாள் பேச்சே வரவில்லை என்றுகூடச் சொன்ன ஞாபகம்.

"டாக்டர் என்ன சொன்னார்?"

"ரூமுக்குள்ள உக்கார வச்சு, பீப்னு கேட்டா பட்டனை அமுக்கச் சொன்னாங்க. எல்லாம் சரியா இருக்காம். இவர் நம்ப மாட்டேங்கிறார். மூடின ரூம் வேற, ஓடுற வண்டி வேறங்கிறார். அவரே ஒரு சொட்டு மருந்து வாங்கி ஊத்திட்டிருக்கார்."

"நான் அப்பவே நினைச்சேன்," என்றேன். என்ன நினைத்தேன் என்று அவள் கேட்கவில்லை. நல்லவேளை.

மார்ச் 15, சனி

பம்ப் சோதனை. பம்ப் ஒரு நிமிஷத்துக்கு எவ்வளவு தள்ளுகிறது என்று கேனில் பிடித்து அளக்க வேண்டும். ஒருவர் சுவிட்ச் போட, ஒருவர் கேனையும் கடிகாரத்தையும் பார்க்க. நான் சுவிட்சைப் போட்டுவிட்டு ஓடிவந்து கேனைப் பார்த்து, திரும்ப ஓடிப்போய் அணைத்தேன். ஐந்தாறு தடவை. எதிர்வீட்டுக்காரர் நான் உடற்பயிற்சி செய்வதாக நினைத்துக் கையாட்டினார்.

பழைய பம்ப், பிரஷர் ஏற்றினால் ஒரு லிட்டர்கூடத் தள்ளவில்லை. இந்த இன்ஜின் முழு மூச்சில் ஒன்றரை லிட்டர் கேட்கும். புது பம்ப் ஆறு லிட்டர் கொட்டியது.

சரி, மூன்றரை. நோட்டுதானே, இங்கே யாருக்குக் கூட்டிச் சொல்கிறேன்?

மார்ச் 18, செவ்வாய்

மழை. ஒன்றும் செய்யவில்லை. ரேடியோவில் பேசியவனுக்குப் பதில் சொன்னேன்.

மார்ச் 21, வெள்ளி

குழாய்க்கடை அம்மாவிடம் மூன்றாம் முறை போனேன். ரப்பர் குழாயின் இரண்டு முனையிலும் இரும்பு இணைப்பை மெஷினில் அழுத்திக் கொடுக்கிறவர் அவர். நான் கொடுத்த அளவு மறுபடியும் ஒரு ஜாண் குறைச்சல்.

"அண்ணே, டேப்போட அந்த முனைய யாரு பிடிச்சா?"

"ஒரு கல்லை வச்சேன்."

"கல்லு நகந்திருக்கும். வீட்ல ஆளில்லையா?"

"என்கிட்ட நாலு பேர் வேலை பாக்குறாங்கம்மா."

"அந்த நாலு பேர்ல ஒருத்தரக் கூப்பிட்டு அந்த முனையப் பிடிக்கச் சொல்லுங்க. நாலு பேரும் வேணாம், ஒருத்தர் போதும்."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அவர்களைவிடச் சத்தமாக. வீட்டுக்கு வந்து டேப்பின் முனையைக் கதவில் ஆணி அடித்து நிறுத்தினேன்.

மார்ச் 23, ஞாயிறு

தங்கச்சி மறுபடியும் போன் செய்தாள். இந்த முறை திட்டவில்லை. அழுதாள்.

மாப்பிள்ளை ஸ்கூல் பஸ் டிரைவர். பத்தொன்பது வருஷமாக ஒரே பள்ளிக்கூடம். வெள்ளிக்கிழமை அவராகவே ஆபீசில் போய்ச் சொல்லிவிட்டாராம்: பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கத்தியதே எனக்குக் கேட்கவில்லை, பின்னால் ஒரு பிள்ளை 'நிறுத்துங்க'ன்னு கத்தினால் எனக்கு எப்படிக் கேட்கும், நான் ஓட்டக் கூடாது என்று. யாரும் கேட்கவில்லை, யாரும் புகார் கொடுக்கவில்லை. அவராகவே. இப்போது பஸ் கழுவுகிறார்.

"நீயாவது வந்து சொல்லேன் அண்ணா. நீ சொன்னா கேப்பார்."

நான் சொன்னால் கேட்பார். அதுதானே தொல்லை.

மார்ச் 24, திங்கள்

ரெகுலேட்டர் மாட்டினேன். ஒரே திருகாணியை மூன்று தடவை கீழே போட்டேன். வயசு.

மார்ச் 28, வெள்ளி

பஸ் ஷெட்டுக்குப் போனேன். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், கையில் நீளக் குச்சி பிரஷ். அவர் ஓட்டிய பஸ்ஸையே கழுவிக்கொண்டிருந்தார்.

"வாங்க மச்சான். கொஞ்சம் இந்தப் பக்கமா நின்னு பேசுங்க, அந்தக் காதுதான் மோசம்னு நினைக்கிறேன்."

அவரே இடது காது வலது காது என்று பிரித்து வைத்திருக்கிறார்.

"டாக்டர்தான் சரியா இருக்குன்னாரே?"

"டாக்டர் என்ன, அன்னிக்கு வண்டியிலயா இருந்தார்? நீங்க இருந்தீங்க." பிரஷை வாளியில் வைத்தார். "ரொம்ப யோசிச்சுப் பாத்துட்டேன் மச்சான். நீங்க அம்பத்திரெண்டு அம்பத்திரெண்டுன்னு சொன்னது நல்லா கேட்டுச்சு. அதுக்கப்புறம் கத்தினது மட்டும் விழவே இல்ல. பாதி கேக்குது பாதி கேக்கல. அதான் பயமா இருக்கு. முழுசா கேக்கலைன்னாக்கூட தெரிஞ்சிடும்."

இங்கேயே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "புது பம்ப் பிரமாதமா இருக்கு," என்று வந்தது.

"நல்லது," என்றார். "இன்ஜின் போனதுக்கு மன்னிச்சுக்கங்க." குழாயைத் திறந்து பஸ்ஸின் பின்சக்கரத்துக்குத் தண்ணீர் அடித்தார்.

மன்னிக்கணுமாம். நானாம்.

ஏப்ரல் 2, புதன்

எழுத வேண்டாம் என்று நாலு நாள் இருந்தேன். இருக்க முடியவில்லை. பேச ஆள் இருந்தால் நோட்டு எதற்கு?

ஏப்ரல் 5, சனி

இன்ஜின் ஓடியது! ஒரு துளி கசிவு இல்லை. நின்ற இடத்தில் நாற்பத்திமூன்று பவுண்டு. முள் ஆணி அடித்த மாதிரி நிற்கிறது. இது உண்மை. ஒரு பவுண்டுகூடக் கூட்டவில்லை.

இனி சாலையில் அழுத்திப் பார்க்க வேண்டும்: டர்போ ஒன்பது பவுண்டு தள்ளினால் முள் ஐம்பத்திரண்டுக்கு ஏற வேண்டும். ஓட்ட ஒருவர், முள்ளைப் பார்க்க ஒருவர். இதற்குக் கல்லும் உதவாது, ஆணியும் உதவாது. மாப்பிள்ளைக்குப் போன் செய்தேன். வருகிறேன் என்றார். ஓட்ட மாட்டாராம்.

ஏப்ரல் 6, ஞாயிறு

காலை பத்து மணிக்கு வந்தார். பக்கத்து சீட்டில் ஏறி, மீட்டரின் டேப்பைக் கட்டைவிரலால் அழுத்திச் சரிபார்த்தார். அதே சாலை. நான் ஓட்டினேன். இரண்டாவது கியர், மூன்றாவது கியர், டர்போ விசில் அடிக்க ஆரம்பித்தது. அவர் எண்ணைச் சொல்ல ஆரம்பித்தார். கத்தவில்லை. பஸ்ஸில் பிள்ளைகளை எண்ணுகிற குரலில் சொன்னார்.

"நாப்பத்தஞ்சு... நாப்பத்தெட்டு... அம்பது... அம்பத்திரெண்டு. அம்பத்திரெண்டுல நிக்குது."

ஒவ்வொரு எண்ணும் எனக்குக் கேட்டது. அவ்வளவு சத்தத்துக்கு நடுவில், என் கிழட்டுக் காதுக்கு, ஒரு எழுத்து விடாமல். அந்த வண்டிக்குள் பக்கத்தில் இருக்கிறவர் சொல்வது கேட்காமல் போகவே போகாது. யார் உட்கார்ந்தாலும் தெரிந்துகொள்வார்கள். அவரும் இந்த நிமிஷம் தெரிந்துகொண்டிருப்பாரோ?

ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்தேன்.

"மாப்பிள்ளை, நான் அன்னிக்குக் கத்தல."

"என்னது?"

கேட்காமல் கேட்டாரா, கேட்டுத்தான் கேட்டாரா தெரியவில்லை. திரும்பச் சொன்னேன். "காலை எடுங்கன்னு நான் சொல்லவே இல்ல. உங்க காதுல ஒரு குறையும் இல்ல."

மீட்டர் பக்கம் திரும்பினார்.

"அம்பத்திரெண்டுன்னு சொன்னீங்களே. அப்ப முள்ளு எங்க இருந்துச்சு?"

"முப்பத்தஞ்சுல."

"பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"பாத்துட்டு அம்பத்திரெண்டுன்னு சொன்னீங்க."

"ஏறிடும்னு நினைச்சேன் மாப்பிள்ளை. இப்ப ஏறிடும், இப்ப ஏறிடும்னு..."

"காதுக்குள்ள மருந்து ஊத்திட்டிருக்கேன் மச்சான், ரெண்டு வேளையும்." இதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கதவைத் திறந்து இறங்கி நடக்க ஆரம்பித்தார். வீடு மூன்று கிலோமீட்டர். நான் முதல் கியரில் பக்கத்திலேயே உருட்டிக்கொண்டு போனேன். "ஏறுங்க, வெயிலா இருக்கு," என்றேன். கேட்டது அவருக்கு. நன்றாகவே கேட்டது. ஏறவில்லை.

ஏப்ரல் 7, திங்கள்

முதல் பக்கத்தைத் திருப்பிப் படித்தேன். கிழித்துப் போடலாம் என்று பார்த்தேன். வேண்டாம், பக்கத்திலேயே எழுதி வைக்கிறேன்.

பம்ப் தாங்காது என்று சொன்னது நான் இல்லை. அவர். டிசம்பரிலேயே சொன்னார், முதலில் பெட்ரோல் பக்கத்தைப் பார்த்துவிட்டு டர்போவுக்குப் போகலாம் மச்சான் என்று. ஸ்ட்ரா என்று சொன்னதும் அவர்தான். "நான் இருக்கும்போது என்ன பயம், இந்த பம்ப் விமானத்தையே ஓட்டும்"னு சொன்னவன் நான். அப்படிச் சொன்ன வாயால் முப்பத்தைந்து என்று எப்படிச் சொல்வது? அதுதான். அவ்வளவேதான். ஒரு எண் சொல்ல வெட்கப்பட்டேன்.

தங்கச்சிக்கு நானே போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். முழுதும் கேட்டாள். "வச்சிடு அண்ணா," என்றாள்.

இன்ஜினியர்கள் வரிசையில் நின்றதும் இல்லை. ஒருவர் வந்தார். வழி கேட்டுவிட்டுப் போனார்.

ஏப்ரல் 10, வியாழன்

காலை ஏழேமுக்காலுக்கு முக்குக் கடைப் பக்கம் நின்றேன். பஸ் வந்தது. மாப்பிள்ளைதான் ஓட்டினார். வெள்ளைச் சட்டை, இரண்டு கையும் ஸ்டியரிங்கில், பின்னால் பிள்ளைகள் போட்ட கூச்சல் தெருவுக்கே கேட்டது. திருப்பத்தில் வேகத்தைக் குறைத்தார். என்னைப் பார்த்தார். இரண்டு தடவை ஹார்ன் அடித்துவிட்டுப் போனார்.

ஹார்ன் அடிக்கவில்லை. அது என் கைச்சரக்கு. பார்த்தார், அது உண்மை. பஸ்ஸை அவர்தான் ஓட்டினார், அதுவும் உண்மை.