உன் வண்டியைப் பார்த்துச் சிரிச்சுட்டேன்

டெட்ராய்ட்
ஆகஸ்ட், 1965

என் கண்ணு லென்னிக்கு அம்மா எழுதுறது. மாதா புண்ணியத்துல அப்பா, நான், தங்கச்சி ஐரீன் மூணு பேரும் சுகம். ஜெர்மனியில பட்டாளச் சாப்பாடு உன் வயித்துக்கு ஒத்துக்கணுமேன்னு தினம் மெழுகுவத்தி ஏத்துறேன். குளிர் வருது, கம்பளிக் காலுறை பின்னிட்டு இருக்கேன், போட்டுக்கோ, வெக்கப்படாதே.

உன் வண்டி பத்திரமான்னு ரெண்டு தடவை கேட்டே. பத்திரம்தான்னு ரெண்டு தடவையும் எழுதினேன். முதல்ல எழுதினது தெரியாம, ரெண்டாவது தெரிஞ்சே எழுதின பொய்டா. அப்பாகிட்ட குடுக்காதேன்னு சொல்லித்தானே சாவியை என் கையில வெச்சுட்டுப் போனே. நீ போனதும் அப்பா வந்து, சும்மா நின்னா பேட்டரி செத்துடும், ஒரு சுத்து ஓட்டிட்டு வரேன்னாரு, குடுத்துட்டேன். வண்டி அப்பாவோட சிநேகிதர் பெர்னி ஷெட்டுல இருக்கு, பிரேக் பாக்கறோம்னாரு, அதையும் நம்பினேன்.

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு ஐரீன் என்னைக் கால் மைல் கார் ரேஸுக்கு இழுத்துட்டுப் போனா. ஆரஞ்சு கலர்ல ஒரு வண்டி வந்து நின்னுச்சு. முன் சக்கரம் பம்பருக்கே வந்துடுச்சு, பின் சக்கரம் கதவுகிட்ட நிக்குது, பின்பக்கம் மட்டும் நீளமா தொங்குது. இது என்னடா கோமாளி வண்டின்னு கூட்டமே சிரிச்சுது. நானும் கண்ணுல தண்ணி வர சிரிச்சேன். அப்புறம்தான் பின் மூலையில நீ கோயில் கேட்டுல இடிச்ச நெளிசலைப் பாத்தேன். உள்ளே ஹெல்மெட்டோட உங்கப்பா. அந்தக் கோமாளி வண்டி ஜெயிச்சுது, நான் எழுந்து நின்னு கைதட்டினேன். சிரிச்ச பாவம் போதாதுன்னு அது வேற.

வீட்டுக்கு வந்து நல்லா கிழிச்சேன். பிள்ளை ஆசையா வெச்சிருந்ததை வெட்டிக் கூறு போட்டுட்டீங்களே, உங்களுக்கு நெஞ்சு இருக்கான்னேன். ரெண்டு சக்கர அச்சையும் முன்னால தள்ளினா பாரம் பின் டயர்ல உக்காரும், வழுக்காம பாயும்டி, அவ்வளவுதான்னாரு. கனம் குறைய கதவை அமிலத்துல வேற ஊறப்போட்டிருக்காங்க, ஊறுனது ஜாஸ்தியாகி தகடு காகிதமாட்டம் ஆயிடுச்சாம். வாசல்ல நின்ன வண்டிக் கதவுல கோபத்துல நான் ஒரு அறை விட்டேன், என் கை அப்படியே பதிஞ்சுடுச்சு. இப்போ அதுக்கும் நான்தான் பொறுப்பு. பழையபடி ஆக்க முடியாதாம், அடிச்சட்டத்தையே அறுத்துட்டாங்க. கிறிஸ்துமஸ் லீவுல வந்து நீ கட்டிக்கப்போற லூசியை அந்த வண்டியில கூட்டிட்டுப் போறேன்னு எழுதியிருந்தியே, அதைப் படிச்சதுல இருந்து எனக்குச் சோறு இறங்கல.

ஒண்ணு சொல்றேன், சப்பைக்கட்டுன்னு நெனச்சாலும் சரி. நீ போனதுல இருந்து அப்பா பேச்சையே விட்டுட்டாரு. ஃபேக்டரி, வீடு, ரேடியோ. தட்டுல வெச்சதை வெச்சபடி எழுந்துடுவாரு. இப்போ வாய் நிறைய பியரோகிக் கொழுக்கட்டையை வெச்சுக்கிட்டு சக்கரத்தைப் பத்திப் பேசுறாரு, வாயை மூடித் தின்னுங்கன்னு அதட்ட வேண்டியிருக்கு.

உனக்கு எழுதச் சொன்னா பேனாவைப் பிடிச்சு உக்காந்து எழுந்து போயிடுறாரு. உனக்குக் கோபம் வரும், வரட்டும், என்னைத் திட்டு. மாதா உன்னைக் காப்பாத்தட்டும். ராத்திரி ஜபத்தை விட்டுடாதே. வர ஞாயிறும் ரேஸ் இருக்காம். வண்டி உன்னோடது. வேண்டாம்னு நீ ஒரு வார்த்தை எழுதினா அன்னிக்கே சாவியைப் பிடுங்கிடுறேன், சத்தியமா. ஆனா எழுதிடாதேடா, கண்ணு.

உன் நம்பிக்கையைக் கெடுத்த
அம்மா ஸோஃபியா