அஷ்டமியில் காட்டிய மனை

தோஸ்து,

நேற்று எண்ணூருக்குப் பேருந்தில் போய்க்கொண்டிருந்தேன். சாலையோரம் குழாய் பதிக்கக் குழி தோண்டியிருந்தார்கள். உப்பங்கழிச் சேற்றின் அந்த அழுகல் நாற்றம் ஜன்னல் வழியாக வந்தது. எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள், நான் மட்டும் அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்தேன். குழியோரம் குந்தி ஒரு பிடி அள்ளி நசுக்கிப் பார்த்தேன். தோண்டிக்கொண்டிருந்தவர், "இன்னா பெர்சு, எதுனா தொலைச்சிட்டியா?" என்றார். உன்னைத்தான் என்று சொல்லியிருந்தால் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு அனுப்பியிருப்பார்.

துறைமுகத்தில் நாம் இருவரும் கிரேன் பழுது பார்த்த காலம் முழுவதும் நான் விம்கோ நகரில் வாடகை மாடியில்தான் குடும்பம் நடத்தினேன். செல்வி பெயிண்ட் வாளிகளில் ரோஜாவும் துளசியும் வளர்த்தாள். "சாவுறதுக்குள்ள ஒரு முருங்கைய தரையில வெச்சிட்டுப் போவணும்யா" என்பாள். ஓய்வு பெற்றதும் நான் மனை தேடியது அந்த முருங்கைக்காகத்தான்.

தரகர் ஒருவர் கழியோரம் ஒரு மனை காட்டினார். பார்க்கப் போன நாள் அஷ்டமி. செல்வி தயங்கினாள். "பாக்கறதுக்கு இன்னாம்மா அஷ்டமி, நவமி?" என்றார் அவர். என்ன ஒரு முற்போக்கான மனிதர் என்று நினைத்தேன். தரையெல்லாம் சிவப்பு. "செம்மண்ணு சார், தங்கம்!" என்றார். செல்வி அங்கேயே முருங்கைக்கு இடம் குறித்து ஒரு கல்லை வைத்துவிட்டாள்.

உன்னிடம் சொன்னதும் நீ ஒன்றே ஒன்றுதான் கேட்டாய். "அமாவாசைல பாத்தியா?"

கத்திவாக்கத்துக்காரன் நீ. வேலைக்கு வரும் முன் கழியில் இறங்கிக் கையால் இறால் பிடித்தவன். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கடல் ஏற்றம் அதிகம், அஷ்டமியில் தண்ணீர் அடங்கியிருக்கும் என்பது உனக்குத் தெரியும். தரகருக்கும் தெரிந்திருந்தது. அமாவாசையன்று வருகிறோம் என்றதும் அந்த முற்போக்காளருக்குத் திடீரென்று பக்தி வந்துவிட்டது. "முன்னோருக்குப் படைக்கிற நாளு சார், மனையப் போயி பாப்பாங்களா?" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

விடாமல் அமாவாசையன்றே போனோம், நீ கடப்பாரையோடு வந்தாய். ஒரு முழம்தான் செம்மண். அதற்குக் கீழே அனல்மின் நிலையச் சாம்பல், அதற்கும் கீழே கிளிஞ்சலோடு கறுப்புச் சேறு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே குழியில் தண்ணீர் ஊறி ஏறியது. தரகர் அசரவில்லை. "பாத்தீங்களா, தண்ணி கஷ்டமே கிடையாது!" என்றார். நீ விரலால் தொட்டு நாக்கில் வைத்துத் துப்பினாய். வேலியோரம் படர்ந்திருந்த உமிரிச் செடியைப் பிடுங்கி என் கையில் திணித்தாய். "உப்பு மண்ணுலதான்டா இது வரும். இங்க எங்க முருங்கை வரும்? வூடு கட்டாத மாமு, எறா வுடு."

சொல்லிவிட்டுக் கம்பீரமாகத் திரும்பினாய். உன்னுடைய வலது கால் முழங்கால் வரை உள்ளே போய்விட்டது. நானும் தரகரும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தோம். கால் வந்தது, செருப்பு வரவில்லை. அங்கே மனை கிடைத்தது அதற்கு மட்டும்தான்.

நாங்கள் உனக்கு நன்றி சொல்லவில்லை. செல்வி தான் வைத்த கல்லைக் கையில் எடுத்துக்கொண்டு வழியெல்லாம் அழுதாள். "நல்ல வாய் வெச்சாரு உன் தோஸ்து" என்றாள். கைக்கு வந்ததை நீதான் தட்டிவிட்டாய் என்று நானும் நம்பினேன். மழைக்காலம் வரும்வரை உன்னோடு பேசவில்லை. அதை நினைத்தால் இப்போதும் என் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது.

மழை விட்டபின் அந்தப் பக்கம் போனோம். அதே மனையை வேறொருவர் வாங்கிச் சுற்றுச்சுவர் எழுப்பியிருந்தார். சுவர் வருகிறவர்களுக்கெல்லாம் குனிந்து வணக்கம் வைத்துக்கொண்டிருந்தது. செல்வி நேரே உன் வீட்டுக்கு நடந்தாள். "அண்ணே, அடுத்த மனைய நீயே பாரு." நீயும் ஒன்றும் குத்திக்காட்டவில்லை. "மொதல்ல டீ போடு தங்கச்சி" என்றாய், உன் வீட்டிலேயே.

திருவொற்றியூரில் மேட்டு மணலில் நீ பார்த்துச் சொன்ன அரை மனையில்தான் இப்போது இருக்கிறோம். நான்கு மூலையிலும் தோண்டினாய், பக்கத்து வீட்டுக் கிணறுகளையெல்லாம் குடித்துப் பார்த்தாய். அவர்கள் உன்னை மாநகராட்சி ஆள் என்று நினைத்துப் புகார் மனு கொடுத்தார்கள். அதையும் வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டாய். முருங்கை காய்க்கிறது. அதில் ஒரு காய்கூட நீ சாப்பிடவில்லை, தோஸ்து. அது பூக்கும் முன்பே போய்விட்டாய்.

கல்லறைத் தோட்டத்தில் உன் பெட்டியை இறக்கியதும் ஆளுக்கொரு பிடி மண் போடச் சொன்னார் பாதிரியார். என் முறை வந்தது. அள்ளினேன். போடவில்லை. விரலால் நசுக்கினேன். முகர்ந்தேன். குனிந்து குழியின் பக்கச் சுவரை மேலிருந்து கீழே வரை பார்த்தேன். சாம்பல் இல்லை, சேறு இல்லை, அடிவரை நல்ல மணல். ஒரு பொட்டுத் தண்ணீர் ஊறவில்லை. பின்னால் நின்ற உன் மச்சான், "போடு நைனா, ஆளுங்க நிக்கிறாங்கோ" என்று முதுகைத் தொட்டான்.

"நல்ல மண்ணுதான்டா, இல்ல?" என்று கேட்க வலது பக்கம் திரும்பினேன். எப்போதும் நீ நிற்கும் பக்கம் அதுதான். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

இன்றைக்கும் எந்தக் குழியைப் பார்த்தாலும், மண்ணை நசுக்கிவிட்டு அந்தப் பக்கம்தான் திரும்புகிறேன்.