புகைக்காமல் கடற்கரையில் உட்கார்ந்தது குறித்து

அனுப்புநர்:
இரா. தெய்வசிகாமணி,
அச்சகத்தில் எழுத்துக் கோப்பவர்,
ரெட்டியார்பாளையம்.

பெறுநர்:
போலீஸ் மேலதிகாரி அவர்கள்,
புதுச்சேரி.

பொருள்: சிகரெட்டை விட்ட இருவரைக் கடற்கரையில் கான்ஸ்டபிள் தொந்தரவு செய்வது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நானும் குருசுக்குப்பம் தையற்காரர் சூசையும் பதினோரு வருடச் சிநேகிதர்கள். இருவருக்கும் மணமாகவில்லை. தினமும் மாலை ஐந்தரைக்குக் கடற்கரை பெஞ்சில் உட்கார்ந்து ஆளுக்கொரு சிகரெட் பிடிப்போம். இத்தனை வருடத்தில் ஒரு போலீஸ்காரரும் ஏனென்று கேட்டதில்லை.

2. சூசைக்கு நுரையீரல் கெட்டுவிட்டது. சிகரெட்டை விடாவிட்டால் வருடம் தாண்டாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஈஸ்டர் வரை கிறிஸ்தவர்கள் நோன்பிருக்கும் தபசுகாலம் தொடங்கிய விபூதிப் புதனன்று அவர் விட்டார். பக்கத்தில் நான் ஊதினால் அவர் கை பரபரக்கும் என்பதால் நானும் அன்றே விட்டேன். பெஞ்சை மட்டும் விடவில்லை.

3. மறுவாரமே கான்ஸ்டபிள் வந்தார். "சிகரெட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. ரெண்டு ஆம்பளைங்க இங்க என்னா பண்றீங்க?" என்றார். தபசு என்றார் சூசை. "நீ வேதக்காரன், சரி. இந்த ஆளு இந்துவாச்சே, இவனுக்கு என்னா தபசு?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். அன்று முதல் தினமும் வருகிறார். சூசை இருமும்போது நான் முதுகைத் தடவியதையும் நோட்டில் எழுதிக்கொண்டார். எந்தச் சட்டப்படி என்று கேட்டேன், அதையும் எழுதிக்கொண்டார்.

4. எதிரே சிகரெட் கடை வைத்திருக்கும் கோவிந்தசாமி மீது எனக்குச் சந்தேகம். இரண்டு வாடிக்கையைத் தொலைத்தவர் அவர்தான். கான்ஸ்டபிள் ஓசியில் பிடிப்பதும் அவர் கடையில்தான். நிரூபிக்க என்னிடம் எதுவுமில்லை. இம்மனு அதே கான்ஸ்டபிள் கைக்கே விசாரணைக்குப் போகுமோ என்றும் சந்தேகம். நகல் வைத்திருக்கிறேன்.

5. எங்களுக்குள் என்ன என்று தாங்கள் கேட்கலாம். அவர் போய்விட்டால் எனக்கு யாருமில்லை. அதற்கு மேல் எழுதமாட்டேன்.

6. நேற்று தூரத்தில் கான்ஸ்டபிளின் சிவப்புத் தொப்பி தெரிந்ததும் சூசை பயந்துபோய்க் கோவிந்தசாமி கடைக்கு ஓடி ஒரு சிகரெட் வாங்கி வந்தார். ஓடி வந்த இருமலில் அவரால் பற்றவைக்க முடியவில்லை. நான்தான் தீக்குச்சி உரசிக் கொடுத்தேன். கான்ஸ்டபிள் எங்களைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போய்விட்டார்.

ஆகவே, கையில் ஒன்றுமில்லாமல் நாங்கள் அந்தப் பெஞ்சில் உட்காரத் தாங்கள் உத்தரவிட வேண்டுகிறேன். ஈஸ்டர் வந்துவிட்டால் தபசு என்று சொல்லவும் வழியில்லை. அதற்குள் தயவு செய்யுங்கள். இன்னொரு முறை அவருக்கு நெருப்புக் கொடுக்க என்னால் ஆகாது.

இடம்: புதுச்சேரி
நாள்: 28-3-1958

இப்படிக்கு,
இரா. தெய்வசிகாமணி