துண்டில்லாமல் வந்தவள்

பதுளை
1912 மாசி, வியாழக்கிழமை

அருமை மகன் ஜௌபருக்கு உம்மா ஸலாம் சொல்லி, தங்கச்சி ஸவாஹிராவின் கையால் எழுதுவிப்பது. அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லாரும் சுகம், கொழும்பில் உங்கள் உடம்பும் அப்படியே இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். வாப்பாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது, கடையும் நடக்கிறது, மழைதான் விட்டபாடில்லை. வாப்பா தலைவராக இருக்கும் ஏழைநேசச் சங்கத்தின் மடத்தில், ஆஸ்பத்திரிக்கு வரும் தோட்டத்துச் சனங்கள் நிறையப் பேர் தங்குகிறார்கள், ஊர்ப் பெண்கள் உலை வைக்கும்போது எடுத்து வைக்கிற பிடியரிசிதான் அவர்களுக்குக் கஞ்சி. கோர்ட்டில் வழக்குப் பேசுகிற புரக்டர் ஐயாவிடம் வேலை பார்க்கிற பிள்ளை நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், ஈரத் தலையோடு படுக்கக் கூடாது. வேறு விசேஷம் இல்லை.

நாநா, உம்மா சொன்னது அவ்வளவுதான். வழக்கைப் பற்றி ஒரு எழுத்தும் எழுதாதே, பிள்ளை தூர இடத்தில் கிடந்து வேகும் என்றார். எல்லாரும் படுத்த பிறகு அடுப்படியில் விளக்கைத் தணித்து வைத்துக்கொண்டு மிச்சத்தை நான் எழுதுகிறேன். போன மாதம் லுணுகலைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து கருப்பம்மா என்று ஒருத்தி காய்ச்சல்காரப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மடத்துக்கு வந்தாள். தோட்டத்தை விட்டுப் போகலாம் என்கிற துண்டு அவளிடம் இல்லை. துண்டில்லாத ஆளுக்கு இடம் கொடுத்தால் கொடுத்தவருக்கும் தண்டனை என்பது உங்களுக்குத் தெரியும். ஆண்களிடம் பேசப் பயந்து, அதை என்னிடம் மட்டும்தான் சொன்னாள். அந்த வாரம் மடத்தில் அரிசி தீர்ந்துவிட்டது. பண்டாரவளைக் கடைக்காரர்களுக்கு உதவி கேட்டு எழுதும்படி வாப்பா என்னிடம் சொன்னார். சும்மா ஏழைகளுக்கு உதவுங்கள் என்றால் யார் தருவார்கள் என்று நினைத்து, துண்டில்லாமல் இருட்டில் காட்டு வழியே ஓடி வந்தவளை நாங்கள் வைத்துக் காப்பாற்றுகிறோம் என்று நானாகவே சேர்த்துவிட்டேன். வாப்பாவுக்கு அறபு எழுத்தில் எழுதுகிற தமிழ்தான் வாசிக்க வரும், என்னை நம்பிக் கையெழுத்து வைத்தார். மூட்டை மூட்டையாக அரிசி வந்தது. உன் எழுத்தில் பரக்கத் இருக்கு மகள் என்று என் தலையைத் தடவினார்.

இப்போது அவளை வைத்திருந்ததற்காகத் தோட்டத்துத் துரை வாப்பா மேல் வழக்குப் போட்டிருக்கிறார், திங்கட்கிழமை கோர்ட்டு. சங்கத்துக் காரியதரிசி ஸமீம் மாமா தோட்டங்களுக்கு அரிசி ஏற்றுகிறவர், சம்மன் வந்த அன்றே, எனக்கு உடம்பு சரியில்ல, பேர வெட்டிருங்க என்று சொல்லிவிட்டுப் போனார். மற்றவர்கள் பள்ளிவாசலில் வாப்பாவைக் கண்டால் குனிந்து செருப்பைத் தேடுகிறார்கள். நோயாளிகளுக்குத் துண்டு கொடுக்கச் சொல்லிச் சங்கம் முன்பு அரசாங்க ஏஜண்டு துரைக்கு அனுப்பிய மனுவில் பத்துப் பேர் கையெழுத்து இருந்தது, இந்தச் சம்மனில் வாப்பாவின் பேர் மட்டும்தான். அவளுக்குத் துண்டில்லை என்பது எனக்குத் தெரியாது என்று வாப்பா குர்ஆன் மீது சத்தியம் செய்யப் போகிறார். அது உண்மைதான். ஆனால் நேற்றுப் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அந்தத் தோட்டத்து மாடசாமிக் கங்காணி வழியை மறித்து, மடியிலிருந்து என் கடிதத்தை எடுத்து விரித்தார். எந்தக் கடைக்காரர் கொடுத்தாரோ. எழுத்து முத்து முத்தா இருக்கே பாப்பா, கீழ ஒங்க வாப்பா கையெழுத்துந்தான், தொர கோர்ட்டுல காட்டட்டும் என்று சிரித்தார்.

நான் பேசாமல் இருந்தால் வாப்பா ஊர் முன்னால் பொய்ச் சத்தியம் செய்தவர் ஆவார். சொன்னால் தன் கையெழுத்துக்கு எதிராகச் சத்தியமும் செய்ய மாட்டார், என் பேரை இழுக்கவும் மாட்டார், மறியலுக்குப் போய் அடைபட்டுக் கிடப்பார். கருப்பம்மாவைப் பிடித்துக்கொண்டு போவார்கள், பிள்ளைக்கு இன்னும் காய்ச்சல் விடவில்லை. எப்படியும் விடியச் சுபஹுத் தொழுகைக்கு வாப்பா எழுந்ததும் சொல்லப் போகிறேன், சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. இது சனிக்கிழமை உங்களுக்குக் கிடைக்கும், அன்றைக்கே ரயில் ஏறுங்கள். ஏறுமுன் மறக்காமல் புரக்டர் ஐயாவிடம் ஒன்று கேளுங்கள், கையெழுத்து வைத்தவரை விட்டுவிட்டு எழுதியவளைத் தண்டிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறதா என்று. உம்மாவின் துஆ உங்களுக்கு எப்போதும் உண்டு, மேலே எழுத விட்டுப்போனது.

உங்கள் தங்கச்சி
மொ. ஸவாஹிரா