உங்கள் பந்தலில் நான் விட்ட புழுக்கள்

சுவருக்கு அந்தப் பக்கம் நின்றே என்னோடு பேசிப் பழகிய சரசக்காவுக்கு,

ஈஸ்வரி எழுதுகிறேன். நல்லா இருக்கறீங்களா என்று எழுதத்தான் கை போகிறது. போன வைகாசியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, அப்படியே போய்விட்டவரிடம் அதை எப்படிக் கேட்பது? கேட்டாயிற்று, இருந்துவிட்டுப் போகட்டும்.

உங்கள் முதல் வருஷத் திதிக்கு இன்னும் நாலு மாதம் இருக்கிறது. அன்றைக்குச் சொந்தபந்தம் எல்லாருக்கும் உங்கள் அவரை விதையைக் கொடுத்து, நான் உங்களுக்குச் செய்த உதவியை எல்லார் முன்னாலும் சொல்லப்போவதாக உங்கள் மகள் கவிதா சொல்கிறாள். அக்கா, அப்படி ஒரு உதவியை நான் செய்யவே இல்லை. நான் செய்தது வேறு. அதை உங்களிடம் முதலில் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நம்மைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்காக ஒரு வார்த்தை. நாங்கள் அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு வந்த ஓரகத்திகள். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரே காம்பவுண்டில் இரண்டு வீடு, நடுவில் இடுப்பளவுச் சுவர். ஆண்கள் இரண்டு பேரும் ரிக் வண்டியோடு வடக்கே ஆழ்துளைக் கிணறு போடப் போய்விட்டால் மாதக்கணக்கில் நாங்கள் இருவரும் எங்கள் இரண்டு அவரைப் பந்தல்களும்தான்.

இந்த வருஷம் ஆடியில் இரண்டு பந்தலுக்கும் நான்தான் விதை போட்டேன். "அண்ணி போட்ட பந்தலு, சும்மா கெடக்குது பாரு" என்று உங்கள் கொழுந்தனார் நச்சரித்ததால் போட்டேன், பாசத்தால் இல்லை. இப்போது தை பிறந்துவிட்டது. உங்கள் பந்தல் காய்த்துக் கொட்டுகிறது. என் பந்தலில் கொழுந்து, பூ, பிஞ்சு ஒன்று விடாமல் அசுவினிப் பூச்சி கருகருவென்று அப்பிக் கிடக்கிறது, தொட்டால் விரலெல்லாம் பிசுபிசுப்பு. ஒரே விதை, ஒரே தண்ணீர், ஒரே கை. போய்ச் சேர்ந்த பிறகும் என்னைத் தோற்கடிக்க வேண்டுமா நீங்கள்?

சிரிக்காதீர்கள். எனக்கு உங்கள் மேல் எப்போதும் பொறாமைதான். உங்கள் நிறம், உங்கள் கைப்பக்குவம் எல்லாவற்றையும் எப்படியோ பொறுத்துக்கொண்டேன். அவரையைத்தான் பொறுக்க முடியவில்லை. மூன்று மாதம் கழித்து வடக்கேயிருந்து வருகிற மனுஷன் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால், "ஏம்புள்ள, அண்ணி ஊட்டு அவரக்கா இல்லியா?" என்று கேட்டால் யாருக்குத்தான் பொறுக்கும்? என் பந்தலும் அதே வாசலில்தானே இருந்தது?

நீங்கள் செய்வதையெல்லாம் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். காலையில் பனி ஈரம் காய்வதற்குள் பழைய துணியில் அடுப்புச் சாம்பலைக் கட்டிக் கொழுந்துகளின் மேல் தட்டுவீர்கள். பூச்சி கொஞ்சமாக இருந்தால் இரண்டு விரலால் வழித்துப் போடுவீர்கள், நுனி முழுக்க அடைத்திருந்தால் நுனியையே கிள்ளிச் சோப்புத் தண்ணீரில் முக்குவீர்கள். பத்து நாளைக்கு ஒரு தடவை, வெயில் தாழ்ந்த பிறகு, வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் நுரைக்க அடித்து இலைக்கு அடியில் படும்படி தெளிப்பீர்கள். பந்தல் கால்களில் எண்ணெய்த் துணியைச் சுற்றுவீர்கள். எதற்கு என்று ஒருநாள் கேட்டதற்கு, "எறும்பு ஏறாம இருக்கத்தான் புள்ள. அது அந்தப் பூச்சி விடற தேன நக்கிக்கிட்டு, அதுக்கே காவல் காக்குது" என்றீர்கள்.

இதில் எதையும் நான் செய்யவில்லை. செய்தால் உங்களைப் பார்த்துச் செய்ததாக ஆகிவிடுமே! நான் கடலைப் புண்ணாக்கை ஊறவைத்து வாரம் இரண்டு தடவை ஊற்றினேன். செடி தளதளவென்று ஏறியது. ஒருநாள் சுவரோரம் வந்து, "புண்ணாக்குத் தண்ணியக் கொறச்சுக்க சாமி. கொழுந்து மெதுமெதுன்னு இருந்தா பூச்சிக்குக் கொண்டாட்டம்" என்றீர்கள். என் செடி உங்கள் செடியைத் தாண்டிவிடும் என்று பயப்படுகிறீர்கள் என நினைத்தேன். மறுநாள் ஒரு குடம் சேர்த்து ஊற்றினேன்.

இனிமேல்தான் நான் சொல்ல வந்தது.

கவிதாவுக்குக் கல்யாணமாகி அயோத்தியாப்பட்டணம் போன வருஷம். அந்த மார்கழியில் வெயிலே இல்லாமல் மூடாக்கும் பனியுமாகவே இருந்தது, உங்கள் பந்தலைக்கூட அசுவினி விடவில்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. அப்போது என் பந்தலில் மட்டும் புதிதாக ஒரு புழுவைப் பார்த்தேன். கருப்பு உடம்பு, ஆரஞ்சுப் புள்ளி, ஆறு கால், குட்டிப் பல்லி மாதிரி விறுவிறுவென்று ஓடியது. பார்க்கவே அருவருப்பு. அசுவினி போதாதென்று இந்தச் சனியனுமா என்று வந்து உங்கள் பந்தலைப் பார்த்தேன். அங்கே ஒன்றுகூட இல்லை.

எனக்கு மட்டும் ஏன்? உங்களுக்கும் இருக்கட்டுமே என்று தோன்றியது அக்கா. மறுநாள் விடிகிற நேரம், புழு இருந்த இலைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளி முறத்தில் போட்டுக்கொண்டேன். சுவரைச் சுற்றி வந்து, உங்கள் பந்தலில் பூ நிறைய இருந்த கொடிகளாகப் பார்த்துக் கொட்டிவிட்டு ஓடிவந்துவிட்டேன். கை கழுவும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். இரண்டு வாரத்தில் உங்கள் பந்தல் துடைத்துவிட்ட மாதிரி சுத்தமாகிவிட்டது. என் பந்தலில் அசுவினி ஒன்றுக்குப் பத்தாகப் பெருகியது. கடவுளும் உங்கள் பக்கம்தான் என்று முடிவு செய்துவிட்டேன். அந்தச் சமயத்தில்தான் ஒருநாள் கையில் ஒரு இலையை ஏந்திக்கொண்டு சுவரோரம் வந்தீர்கள். இலையில் அதே புழு.

"ஏம்புள்ள ஈஸ்வரி, இந்தப் புழுவக் கொஞ்சம் உன்ற செடியில விட்டுக்கறயா?"

கண்டுபிடித்துவிட்டீர்கள், திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறீர்கள் என்று நினைத்தேன்.

"உங்கூட்டுப் பூச்சி எனக்கெதுக்குங்க? நீங்களே வெச்சுக்கங்க."

"இல்ல சாமி, நாஞ் சொல்றதக் கேளு, இது வந்து..."

"அடுப்புல பால் இருக்குதுங்க" என்று உள்ளே போனேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

அந்த வாரமே கடைக்குப் போய் இருப்பதிலேயே கடுமையான மருந்தாகக் கேட்டு வாங்கி வந்து அடித்தேன். முதல் இரண்டு நாள் நன்றாகத்தான் இருந்தது. பந்தலுக்குக் கீழே அசுவினியோடு தேனீயும் செத்துக் கிடந்தது. இரண்டாவது வாரம் அசுவினி மட்டும் திரும்பி வந்தது, தேனீ வரவில்லை. மருந்து அடித்த பந்தலில் இருந்த கொஞ்சம் காயையும் வாயில் வைக்கப் பயமாக இருந்தது. நீங்கள் ஒரு போசி நிறைய உங்கள் அவரையைக் கொடுத்தனுப்பினீர்கள். என்னைக் குத்திக்காட்டத்தான் அனுப்பினீர்கள் என்று அத்தனையையும் எருமைக்குப் போட்டேன். உங்கள் கொழுந்தனாருக்கு இன்றுவரை அது தெரியாது.

இப்போது போன வாரத்துக்கு வருகிறேன். கவிதா வந்திருந்தாள். அந்த மார்கழிக்கு அடுத்த வருஷத்திலிருந்து உங்கள் பந்தலைச் சுற்றி வரப்பில் தட்டைப்பயறு போடுவீர்களே, அது உதிர்ந்து தானாகவே முளைத்திருந்தது. அதில் அசுவினி அடையடையாக இருந்ததால், பந்தலுக்கு ஏறிவிடப்போகிறது என்று பிடுங்கப்போனேன். பார்த்தால் அதில் அந்தக் கருப்புப் புழுக்களும் இருந்தன. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துவிட்டேன்.

"ஐயோ சின்னம்மா, கொல்லாதீங்க!" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். "இது பொறிவண்டுக் குஞ்சுங்க. அசுவினியத் திங்கறதே இதுதான். தட்டப்பயிரு போடறதே அசுவினி மொதல்ல அதுல அடையட்டும், இதுகளும் அங்கயே பெருகட்டும்னுதானுங்க. உங்களுக்குத் தெரியாததா? நீங்கதான அன்னைக்கு அம்மா பந்தல்ல கொண்டாந்து விட்டீங்க?"

கையிலிருந்த செருப்பைக் கீழே போட்டேன். "யாரு சொன்னது?"

"அம்மாதானுங்க. உன்ற சின்னம்மா அவ பந்தல்ல இருந்ததப் பூராவும் எனக்குக் குடுத்துட்டா, சொன்னாக் கூச்சப்படுவா, நான் பாத்தத அவகிட்டக் கேட்டுராதன்னு சொல்லுச்சுங்க. அம்மா அன்னைக்கே ரெண்டு புழுவப் புடிச்சுப் பாட்டில்ல போட்டு, வாயில துணியக் கட்டி வெச்சுப் பாத்துச்சாம். பத்து நாள் கழிச்சுப் பாத்தா செவப்பு வண்டா மாறிருச்சாம்."

திதியன்று எல்லார் முன்னாலும் இதைச் சொல்லப்போவதாகச் சொல்லிவிட்டு, கவிதா அந்தச் சந்தோஷத்திலேயே பஸ் ஏறிவிட்டாள். நான் உங்கள் பந்தலுக்குக் கீழேயே உட்கார்ந்திருந்தேன். எப்பேர்ப்பட்ட வெள்ளந்தி இந்த அக்கா, நான் செய்த கெடுதலை நல்லது என்றே நம்பிவிட்டதே என்று முதலில் நினைத்தேன். அப்படி நினைத்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

அப்புறம்தான் அந்தப் பாட்டில் உறைத்தது. வண்டாக மாறிய பிறகுதானே அது நல்ல பூச்சி என்று உங்களுக்குத் தெரிந்தது? நான் கொட்டிவிட்டு ஓடிய அன்று உங்களுக்கும் அது ஒரு அருவருப்பான புழுதான். நல்லது செய்கிறவள் விடிகாலையில் திருட்டுத்தனமாக வந்து கொட்டிவிட்டு எதற்கு ஓடுகிறாள்? நன்றியில் யாராவது புழுவைப் பாட்டிலில் அடைத்து வைப்பார்களா? ஓரகத்தி நம் செடியில் எதைக் கொண்டுவந்து விட்டிருக்கிறாள் என்று பார்க்கத்தானே அடைத்து வைத்தீர்கள்? அப்படியானால் அந்தப் பத்து நாளும் நான் எப்படிப்பட்டவள் என்று தெரிந்தேதான் இருந்தீர்களா அக்கா?

அந்தப் பத்து நாளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். அந்த நாட்களில்தான் எனக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டு வேளையும் கஞ்சியும் ரசமும் கொண்டுவந்தீர்கள், ரசத்தில் மிளகு தூக்கல் என்று குறை சொன்னேன். பொங்கலுக்கு என் வாசலுக்கும் நீங்களே கோலம் போட்டீர்கள். உங்கள் முகத்தில் ஏதாவது மாற்றம் இருந்ததா, ஒரு சுருக்கென்ற வார்த்தை உண்டா என்று தேடித் தேடிப் பார்க்கிறேன். ஒன்றும் கிடைக்கவில்லை. நானாக இருந்திருந்தால் தெரு முனைவரை கேட்கிற மாதிரி சண்டை இழுத்திருப்பேன். உங்களால் எப்படி முடிந்தது? கெடுதல் செய்தவளுக்கே அந்தப் புழுவை இலையில் ஏந்திக்கொண்டு வர எப்படி மனசு வந்தது?

அவரைக்காக நான் பட்ட பொறாமையெல்லாம் ஒன்றுமே இல்லை. இந்த மனசுக்குப் படுகிறேன் பாருங்கள், அதுதான் பொறாமை. விதையென்றால் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம், இதற்கு எங்கே போவேன்?

முந்தாநாள் உங்கள் வரப்புத் தட்டைப்பயறிலிருந்து புழுக்களை இலையோடு கிள்ளிக் கொண்டுவந்து என் பந்தலில் விட்டேன். புண்ணாக்குத் தண்ணீரை நிறுத்திவிட்டேன். பந்தல் கால்களில் எண்ணெய்த் துணியும் சுற்றியாயிற்று. உங்களைப் பார்த்துத்தான் செய்தேன் என்று யார் சொன்னாலும் சொல்லிக்கொள்ளட்டும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை கவிதா வருகிறாள். அன்றைக்கு அவளிடம் சொல்லிவிடுவேன், இது சத்தியம். ஒரு முறம் புழுவைக் கெடுதல் நினைத்துத்தான் கொட்டினேன் என்று உள்ளதை உள்ளபடி சொல்வேன். என் முகத்தில் விழிக்காமல் போனாலும் போவாள். ஆனால் கொஞ்ச நேரத்தில் அவளுக்கும் அந்தப் பாட்டில் உறைக்கும், அக்கா. எல்லாம் தெரிந்தே என்னைக் காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றியிருக்கிறீர்கள் என்று புரிந்துகொள்வாள். திதியன்று எல்லார் முன்னாலும் என் பெயரை விட்டுவிட்டு உங்கள் பெருமையை மட்டும் சொல்லுவாள், நான் அங்கேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். என் வயிறு எரியும். எரிந்தால் எரியட்டும், உண்மையை நான் சொல்லத்தான் போகிறேன்.

நீங்கள் எல்லாரிடமும் தங்கச்சி என்றே சொல்லிவைத்த,
உங்கள் ஓரகத்தி
ஈஸ்வரி