காலை ஆறு முதல் ஏழு வரை

மார்ச் 3
தரவரிசையில் நூற்று நாற்பத்தொன்று. நூறுக்குள் வரும்வரை காதல் கீதல் கிடையாது என்பது அப்பாவின் சட்டம். டென்னிஸ் பயிற்சியாளரும் அவரே என்பதால் மேல்முறையீட்டுக்கு வழியில்லை.

மார்ச் 9
ஊக்கமருந்துச் சோதனைக்காரர்களுக்கும் ஒரு சட்டம் உண்டு. தினமும் ஒரு மணி நேரம் எங்கே இருப்பேன் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். சொல்லாமல் வருவார்கள். பன்னிரண்டு மாதத்தில் மூன்று முறை ஆள் இல்லையென்றால் தடை.

என்னுடைய மணி, காலை ஆறு முதல் ஏழு. இடம், வீடு. போனில் படிவம் நிரப்புவது அப்பா. ஏற்கெனவே இரண்டு போய்விட்டது. ஒன்று, காலிங் பெல் கெட்டுப்போயிருந்தது. இன்னொன்று, முதல் சுற்றிலேயே தோற்று வீட்டுக்கு வந்துவிட்டேன். படிவத்தில் மட்டும் இன்னும் ஹோட்டலில் இருந்தேன்.

என் பேக்ஹேண்டைப் பார்க்க யாரும் வருவதில்லை. என் சிறுநீருக்கு இவ்வளவு மரியாதை.

மார்ச் 17
அப்பா கேட்டார்: "தினம் எட்டு கிலோமீட்டர் ஓடுற. மூணாவது செட்ல மட்டும் ஏன் இப்படி மூச்சு வாங்குது?"

நியாயமான கேள்வி. ஓடுவது மூன்று கிலோமீட்டர் — அப்பாவுக்குத் தெரியாத என் பல் டாக்டர் வீடு வரை. திரும்பும்போது அவன் ஸ்கூட்டர். தெருமுனையில் இறங்கி, முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டு, ஐந்தே முக்காலுக்கு வீடு.

மார்ச் 26
போச்சு.

அவன் சோபாவில் தூங்கிவிட்டேன். அப்பாவிடமிருந்து எட்டு மிஸ்டு கால். ஒன்பதாவதில் எழுந்தேன். மணி ஆறு நாற்பத்தாறு.

"எங்கம்மா ஓடிட்டிருக்க? டெஸ்ட்டுக்கு வந்து உக்காந்திருக்காங்க!" பிறகு, வந்தவரிடம் பெருமையாக: "ஓட்டத்துக்கு ஒரு நாள் லீவு போட மாட்டா மேடம்."

ஸ்கூட்டர் கிளம்ப மாட்டேன் என்றது. ஓடினேன். ஒரு வருடத்தில் முதல்முறையாக, நிஜமாகவே ஓடினேன். ஏழு நான்கு. அந்த அம்மா குப்பிகளைப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்.

"நேரம் முடிஞ்சிடுச்சும்மா."

"எடுத்துக்கோங்க மேடம், இப்ப தாராளமா வருது!"

சிரித்தார். எடுக்கவில்லை.

வழியில் கால் சுளுக்கிவிட்டது என்று அப்பாவிடம் சொன்னேன். களிம்பு தேய்த்துவிட்டார். எந்தக் கால் என்பதில் எனக்கே ஒரு நிமிடம் குழப்பம்.

ஏப்ரல் 11
வக்கீல் சொன்னார்: "சுளுக்குன்னா தடை குறையலாம். பொய்னு தெரிஞ்சா கூடும். சாட்சி சொன்னவரும் சேர்ந்து மாட்டுவாரு."

சாட்சி, அப்பா. வாக்குமூலம் எழுத உட்கார்ந்துவிட்டார்.

ஏப்ரல் 12
மூன்றாவது வரி: 'என் மகள் பொய் சொல்ல மாட்டாள்.' எவ்வளவு அழகான கையெழுத்து.

கீழே கையெழுத்துப் போடப் போனார்.

"போடாதீங்கப்பா."

"ஏன், ஏதாவது விட்டுப்போச்சா?"

நிறைய விட்டுப்போயிருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். சோபா, ஸ்கூட்டர், பல் டாக்டர். அப்பா பேனாவை மூடினார்.

"அப்ப மூணாவது செட்ல…"

"ஆமாப்பா."

எழுதிய தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். திட்டியிருக்கலாமே?

மே 20
விசாரணை. திரையில் மூன்று முகங்கள். உண்மையைச் சொன்னேன். நடுவில் இருந்தவர், காதலுக்கு ஏதாவது விலக்கு உண்டா என்று தேடுவதுபோல விதிப்புத்தகத்தைப் புரட்டினார். இல்லை போலிருக்கிறது.

ஜூன் 2
பதினெட்டு மாதத் தடை. அப்பா சாப்பாட்டு மேசையில் உப்பு மட்டும் கேட்கிறார்.

ஜூன் 14
ஆட முடியாதவளும் படிவம் நிரப்ப வேண்டுமாம். தடை முடிந்து திரும்பி வர ஆசையிருந்தால். இருக்கிறது.

அப்பா போனை என் முன்னால் வைத்தார். "இனிமே நீயே போடு."

ஞாயிறு முதல் வெள்ளி வரை, வீடு. சனிக்கிழமைக்குப் பல் டாக்டர் முகவரியை அடித்தேன். அடித்துவிட்டு நிமிரவில்லை. அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். மறுபடி படித்தார்.

"எந்த மாடின்னு போடல?"

"ரெண்டாவது."

"அதையும் போடு. வர்றவங்க தெருவுல நின்னு தேடக் கூடாது."